இடது மூலைக்காரன்

"மேடம், என் பக்கம் ஒருத்தனும் வரமாட்டக்கான்."

கொம்பையா இதைச் சொன்னபோது ஜெசிந்தா மேடம் தரையில் குந்தியிருந்தார். கபடி விளையாடும் ரப்பர் விரிப்பில் இரண்டு துண்டுகள் சேரும் இடம் பிளந்து கிடந்தது. அதை அழுத்தி அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"நல்லது," என்றார்.

கொம்பையாவுக்குக் காது சூடேறியது.

"என்ன நல்லது? ஆள் வந்தாத்தான மேடம் புடிக்க முடியும்?"

மேடம் அடுத்த விரிசலுக்கு நகர்ந்தார்.

அவ்வளவுதான். அன்றைய பாடம் முடிந்தது.

கொம்பையா தூத்துக்குடிப் பக்கம் உப்பு லாரி ஓட்டுகிறவரின் மகன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் கபடி அணிக்கு ஆள் எடுத்தார்கள். மூன்றாம் வருஷத்துக் கேப்டன் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு வந்தார். ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் அவருக்குப் புள்ளி. திரும்பவிடாமல் பிடித்தால் பிடித்தவர்களுக்குப் புள்ளி.

இடது மூலையில் நின்ற கொம்பையா அவர் கணுக்காலைப் பிடித்தான்.

கேப்டன் அவனைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போனார். விசில் ஊதியாயிற்று. கொம்பையா விடவில்லை. இரண்டு பேர் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு வைத்த பெயர், பூட்டு.

இரண்டாம் வருஷம் பூட்டின் காலம். எந்த ஊர்க் களத்துக்குப் போனாலும் இடது மூலையைச் சுற்றித்தான் கூட்டம். பல்கலைக்கழக அணியில் எடுத்தார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. படத்தில் அவன் முகம் தெரியவில்லை. ஒரு கணுக்காலும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன. அவன் அம்மா அதையும் வெட்டி மாவு டின்னில் ஒட்டிவைத்தாள்.

மூன்றாம் வருஷம் எல்லாம் நின்றுபோயிற்று.

ஆட்டம் கெட்டுப்போகவில்லை. கை தளரவில்லை. ஆனால் பாடி வருகிறவன் எவனும் இடது மூலையை எட்டிப் பார்ப்பதில்லை. வருவான், கொம்பையாவை ஒரு பார்வை பார்ப்பான், அப்படியே வலது பக்கம் சாய்ந்துவிடுவான்.

வலது மூலையில் நின்றவன் சேர்மத்துரை. இரண்டாம் வருஷத்துப் பையன். ஒல்லி. கணுக்காலை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே கொம்பையாதான்.

வருகிறவன் எல்லாம் அவன் பக்கமே வந்தால் என்ன ஆகும்? சேர்மத்துரை அடி வாங்கினான். அடி வாங்கி வாங்கிப் பிடித்தான். இந்த வருஷம் செய்தித்தாளில் அவன் படம் வந்தது. முகத்தோடு வந்தது.

"எண்ணே, பாத்தியளா?" என்று ஓடிவந்து காட்டினான்.

"பாத்தேன் பாத்தேன்," என்றான் கொம்பையா. "பேப்பர மடிச்சு வைல. கிழிஞ்சிரப் போவுது."

ஜெசிந்தா மேடத்திடம் பேசிப் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வேறு யாரிடம் பேசுவது?

மேடத்துக்கு அவனைவிட ஏழெட்டு வயதுதான் கூட. மணப்பாட்டுக்காரர். மாநில அணிக்குப் பாடிப்போகிற ரைடராக ஆடியவர். முழங்கால் போனபிறகு பயிற்சியாளராக வந்தார். ஆண்கள் அணிக்கு ஒரு பெண்ணா என்று முதலில் சிரித்தவர்கள் ஒரு மாதத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தால் திட்டமாட்டார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால் பாராட்டவும் மாட்டார். வாயிலிருந்து ஒரு சொல் விழுவதற்குள் கேட்டவனுக்குப் பசி எடுத்துவிடும்.

பயிற்சியிலும் ஒருவனும் தன் பக்கம் வரவில்லை என்பதை ஒருநாள் கொம்பையா கவனித்தான். சொந்த அணிப் பையன்களே வலது பக்கம் சாய்ந்தார்கள்.

ஒருத்தனைப் பிடித்து உலுக்கினான்.

"ஏம்ல என்கிட்ட வரமாட்டக்க?"

"மேடம்தான் போகக்கூடாதுன்னு சொல்லிருக்காவ."

நேரே மேடத்திடம் போனான்.

"நீங்களா சொன்னிய?"

"ஆமா."

"எதுக்கு மேடம்?"

"பழகிக்கோ."

"எதப் பழக?"

மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசில் வாயில் இருந்தால் பதில் கிடையாது. அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

கோவில்பட்டி ஆட்டத்தின் காலையில் கொம்பையா வேறு வழியில் போனான்.

"மேடம், எனக்கு எடத்த மாத்தித் தாங்க. நான் வலது மூலையில நிக்கேன்."

மறுப்பார், சண்டை போடலாம் என்று நான்கைந்து வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தான்.

"எடுத்துக்கோ," என்றார் மேடம்.

வாதங்கள் அப்படியே வீணாயின.

வலது மூலையில் போய் நின்றான். சேர்மத்துரை இடது மூலைக்குப் போனான். எதிரணி ரைடர் பாடிக்கொண்டு வந்தான். வலது பக்கம் பார்த்தான். அங்கே பூட்டு நிற்கிறது. ஒரு கணம் குழம்பினான். பிறகு இடது பக்கம் சாய்ந்தான்.

சேர்மத்துரை அவனைப் பிடித்தான்.

இடைவேளைக்குப் பிறகு கொம்பையா சத்தம் காட்டாமல் பழைய மூலைக்கே வந்துவிட்டான். முதல் ரைடர் ஏமாந்து பக்கம் வரைக்கும் வந்தான். முகத்தைப் பார்த்ததும் வழுக்கிக்கொண்டே திரும்பி ஓடினான். அடுத்தவனுக்குத் தகவல் போய்விட்டது. மறுபடியும் எல்லாரும் வலது பக்கம்.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கொம்பையாவின் கையில் வியர்வைகூட இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் பாடினார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"இப்படி ஒரு பொழப்பா?" என்று வெளியே ஓடுகிற கருவேல மரங்களிடம் கேட்டான்.

அவனுடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. இது கடைசி வருஷம். "பரிச்ச முடிஞ்சதும் வண்டிக்கு வந்துரு, மூணு வருஷம் ஓடிப் புடிச்சு ஆடினது போதும்," என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அதை மறுத்துப் பேச முடியவில்லை.

மதுரையில் நடக்கும் அரையிறுதிக்குத் தனபாலன் வருகிறார் என்று பேச்சு. லீக் அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவர். அவர் பார்த்துத் தலையாட்டினால் லாரி இல்லை, உப்பு இல்லை. களம்தான் வாழ்க்கை.

ஆனால் அவர் எதைப் பார்ப்பார்? இடது மூலையில் சும்மா நிற்கும் ஒருவனையா?

யோசனை அவனுக்குப் பல் விளக்கும்போது வந்தது.

மதுரையில் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொம்பையா நொண்ட ஆரம்பித்தான்.

அதிகமாக இல்லை. வலது காலை ஊன்றும்போது முகத்தை லேசாகச் சுளித்தான். ஒரு ரைடுக்கும் அடுத்த ரைடுக்கும் நடுவே குனிந்து முழங்காலைத் தேய்த்தான். எதிரே தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி. கண் வைத்துப் பார்க்கிற பையன்கள்.

முதல் ஆள் வந்தான். இடது பக்கம் வந்தான்!

கொம்பையாவுக்குப் பல மாதப் பசி. கணுக்காலைப் பிடித்த பிடியில் அரங்கமே எழுந்தது.

காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். அடுத்தவனும் வந்தான். அவனையும் பிடித்தான்.

ஓரக்கண்ணால் பார்த்தான். முன்வரிசையில் தனபாலன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மேடத்தையும் பார்த்தான். மேடம் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற ஞானராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்பப் பாரு, வேற எங்கயாவதுதான் பாப்பாவ, என்று கொம்பையா மனதுக்குள் பல்லைக் கடித்தான்.

மூன்றாவதாக வந்தவன் அதியமான். அந்த அணியின் பெரிய ரைடர். நிதானமாக வந்தான். இடது மூலைக்கு நேராக வந்தான். கொம்பையாவின் உடம்பு முழுக்கத் தயாரானது. வா, வா, இன்னும் ஓரடி.

அதியமான் காலை நீட்டினான். கொம்பையா பாய்ந்தான். கைகள் ஒரு கணுக்காலைப் பூட்டின. விடாத பிடி. யாராலும் பிரிக்க முடியாத பிடி.

அது ஞானராஜின் கால்.

நொண்டுகிற நண்பனுக்கு உதவ ஞானராஜ் ஒவ்வொரு ரைடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்ந்துவந்திருக்கிறான். இந்த முறை குறுக்கே பாய்ந்திருக்கிறான். பூட்டு அவனைப் பிடித்துத் தரையில் சாய்த்தது. அதியமான் விழுந்தவனைத் தொட்டான். தூக்கிவிட ஓடிவந்த இன்னொருவனையும் தொட்டான். நடந்தே திரும்பிப் போனான்.

ஞானராஜ் நொண்டிக்கொண்டே வெளியேறினான். அது நடிப்பல்ல.

மேடம் கையை உயர்த்தி டைம் அவுட் கேட்டார்.

"கொம்பையா, வெளிய வா."

"ஏன் மேடம்?"

"கால் வலிக்குல்ல?"

அவன் விழித்தான்.

"வலி இல்ல மேடம்."

"நொண்டினியே."

"அது... அவனுவளுக்காக நொண்டினேன்."

"ஞானராஜுக்குச் சொன்னியா?"

கொம்பையா ஞானராஜின் காலைப் பார்த்தான்.

முதல் வருஷத்துச் சாலமோன் இடது மூலைக்குப் போனான். கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஞானராஜ், காலில் ஐஸ் வைத்துக்கொண்டு.

ஞானராஜ் ஐஸை இடம் மாற்றி வைத்தான். பிறகு சொன்னான்.

"ஒனக்கு ரொம்ப வலிக்கோன்னு நெனச்சேம்ல."

இதற்குப் பதில் அவன் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று கொம்பையாவுக்குத் தோன்றியது.

எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. குறுக்கே பாய்ந்த ஞானராஜ் மேல். வெளியே உட்கார வைத்த மேடத்தின் மேல். முன்வரிசையில் இப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனபாலன் மேல். எல்லாரையும்விட அதிகமாகத் தன் மேல் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான்.

களத்தில் காரியம் கெட்டுக்கொண்டிருந்தது.

தருமபுரிக்காரர்கள் இடது பக்கமும் வந்தார்கள், வலது பக்கமும் வந்தார்கள். வலது பக்கம் போவதுபோல் போய் இடது பக்கம் திரும்பினார்கள். சாலமோன் பாவம், அவன் முடிந்தவரை நின்றான். ஆனால் கொம்பையா பார்த்தது சாலமோனை அல்ல, சேர்மத்துரையை.

சேர்மத்துரை பாயவேண்டிய கணத்தில் பாயவில்லை. ஒரு பார்வை இடது பக்கம் போயிற்று. அந்தப் பார்வை போய்த் திரும்புவதற்குள் ரைடர் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

"புடில!" என்று கொம்பையா பெஞ்சிலிருந்து கத்தினான். "என்னத்தல பாக்க?"

அடுத்த ரைடிலும் அதேதான். சேர்மத்துரை அவுட்டாகி வெளியே வந்தான். உதடு கிழிந்திருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒனக்கு என்னல ஆச்சு? எப்பவும் நல்லாத்தான புடிப்ப?"

"எண்ணே," சேர்மத்துரைக்கு மூச்சு வாங்கியது. "நீங்க நின்னா அவன் எங்கிட்டதான் வருவான்னு தெரியும். கண்ண மூடிட்டுப் பாய்வேன். இப்ப எங்கிட்டு வாரான்னே தெரியலண்ணே."

சொல்லிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான். அவன் முறை வந்ததும் திரும்ப உள்ளே ஓடினான்.

கொம்பையா இடது மூலையைப் பார்த்தான். இவ்வளவு நாள் அந்த இடத்தை உள்ளே நின்றுதான் பார்த்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு ரைடரும் அந்த மூலை வழியாகத் தாராளமாகப் போய் வந்தான்.

எழுந்தான்.

"மேடம், நான் எறங்குதேன்."

"கால்?"

"நல்லாருக்கு."

"எதுக்கு எறங்கணும்?"

"புடிக்கதுக்கு," என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. தலையைச் சொறிந்தான்.

"நிக்கதுக்கு மேடம்."

மேடம் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

உள்ளே போகும் வழியில் மற்ற ஆறு பேரிடமும் சொன்னான். "எனக்குக் கால் வலி இல்ல. எப்பவும் இல்ல. ஒருத்தனும் எடத்த விட்டு வராதீய."

இடது மூலையில் போய் நின்றான்.

வந்தவர்கள் பார்த்தார்கள். வலது பக்கம் சாய்ந்தார்கள். சேர்மத்துரை இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். ஒருத்தனைப் பிடித்தான். இன்னொருத்தனைப் பிடித்தான். விட்ட புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கடைசி ரைடுக்கு வந்தபோது இரண்டு அணியும் சமம்.

வந்தவன் அதியமான். அவர்களுடைய முந்தின இரண்டு ரைடும் வெறுங்கையோடு போயிருந்தன. விதிப்படி இந்த ரைடில் புள்ளி எடுத்தே தீரவேண்டும். எடுக்காவிட்டால் அவன் அவுட், ஆட்டம் போயிற்று.

அதியமான் நடுக்கோட்டைத் தாண்டினான். இடது மூலையைப் பார்த்தான்.

கொம்பையாவுக்குத் தெரியும். குதிகாலை இம்மி தூக்கினால் போதும். தோளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். அவன் வருவான். தனபாலன் இப்போது எழுந்தே நிற்கிறார். இந்தப் பிடியைப் பிடித்தால் ஊரே பேசும். பிடிப்போமா மாட்டோமா என்ற சந்தேகமும் அவனுக்கு இல்லை.

உள்ளங்கை அரித்தது. ஐயோ, வந்து தொலையேம்ல, ஒரே ஒரு தடவ!

குதிகாலைத் தரையில் அழுத்தினான். தோளை இறக்கவில்லை. கண்ணை அதியமானின் காலிலிருந்து எடுக்கவில்லை.

அதியமான் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

வலது பக்கம் பாய்ந்தான்.

சேர்மத்துரை கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு பேரும் உருண்டார்கள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அதியமானின் கை நடுக்கோட்டை நோக்கி நீண்டது. நீண்டு, எட்டாமல், விரிப்பில் தட்டியது.

விசில்.

"சேர்மா! சேர்மா!" என்று அரங்கம் அலறியது.

சேர்மத்துரையிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் கொம்பையா. குவியலுக்குள் கையை விட்டு அவனை உருவி எடுத்தான். ஒரே தூக்கில் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். ஒல்லிப் பையன் என்று நினைத்தது தவறு. நல்ல கனம்.

சுமந்துகொண்டு பெஞ்சு ஓரமாக வந்தபோது தனபாலன் மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த ரைட் கார்னர் பையன நான் கூட்டிட்டுப் போறேன் மேடம். என்ன தைரியம்! பாதி ஆட்டம் பூரா எல்லா ரைடும் அவன் பக்கம்தானே போச்சு?"

"ஆமா சார்," என்றார் மேடம். "ஏன் போச்சு?"

தனபாலன் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். மெதுவாகக் களத்தின் பக்கம் திரும்பினார்.

கொம்பையா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தான். தோளில் இருந்தவன் இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏல, ஆடாம இரிலே," என்றான் கொம்பையா. "விழுந்தா நான் புடிக்க மாட்டேன்."